அடிமைகளுக்கும் ஒரு வெளியுறவுக் கொள்கை இருந்தது

1812 ஜூன் 18 அன்று அமெரிக்கா பிரிட்டன்மீது போர் அறிவித்தது. விடுதலை ஒப்பந்தம் கையெழுத்தாகி முப்பது ஆண்டுகூட நிறையவில்லை. அதற்குள் மறுபடியும் அதே பிரிட்டனோடு மோதல். ஏன் மோதினார்கள் என்று கேட்டால் பாடப்புத்தகத்தில் பதில் தயாராக இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை அமெரிக்கக் கப்பல்களை மறித்தது, மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போனது, ஓர் இளம் குடியரசின் மானத்தைச் சீண்டியது. 'தடையற்ற வணிகம், மாலுமிகளின் உரிமை' என்பது அன்றைய முழக்கம். 'இரண்டாவது விடுதலைப் போர்' என்பது பின்னால் சூட்டிய பட்டம்.

விடுதலை, உரிமை, மானம். சரி தோழர்களே, யாருடைய விடுதலை? யாருடைய மானம்? 1810-இல் எடுத்த கணக்குப்படி அந்தக் குடியரசில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் அடிமைகள். ஆறு பேரில் ஒருவர். இவர்களுக்கு அந்த வெளியுறவுக் கொள்கையில் என்ன இடம் என்று கேட்டால், 'அது உள்நாட்டுப் பிரச்சினை, அதை அப்புறம் பார்க்கலாம்' என்று பதில் வருகிறது. நாட்டுக்கு வெளியே நடப்பது வேறு, பண்ணைக்கு உள்ளே நடப்பது வேறு என்று நம்மை நம்பவைக்கிறார்கள். இந்தப் பிரிப்பே பொய் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

போர் அறிவிப்பைப் படித்தால் இது புரியாது. போர் அறிவிப்பு மேடைப் பேச்சு மாதிரி, கைதட்டலுக்காக எழுதுவது. ஒப்பந்தம் அப்படியில்லை. சண்டை ஓய்ந்த பிறகு ரெண்டு தரப்பு ஆண்டைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எது யாருக்குச் சொந்தம் என்று எழுதிக்கொள்வது அது. அதாவது பாகப்பத்திரம். கொள்கை வேஷமெல்லாம் பாகப்பத்திரத்தில் கலைந்துவிடும். அமெரிக்காவும் பிரிட்டனும் 1783, 1794, 1814 ஆண்டுகளில் மூன்று பத்திரங்கள் எழுதிக்கொண்டன. மூன்றையும் விரித்துப் பார்ப்போம்.

முதல் பத்திரம்: 1783

1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் ஒரு பிரகடனம் வெளியிட்டார். மன்னருக்கு எதிராகக் கலகம் செய்யும் எசமானர்களின் அடிமைகள் ஓடிவந்து, மன்னர் படையில் சேர்ந்து ஆயுதம் ஏந்தினால் விடுதலை என்றார். டன்மோர் ஒன்றும் கருணை வள்ளல் இல்லை. அவரிடமே அடிமைகள் இருந்தார்கள். மன்னருக்கு விசுவாசமான பண்ணையார்களின் அடிமைகளுக்கு அந்தப் பிரகடனம் பொருந்தவும் பொருந்தாது. எதிரியின் பண்ணையைக் காலி பண்ண ஒரு தந்திரம், அவ்வளவுதான். இது தந்திரம்னு அடிமைகளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் ஓடினார்கள். ஆயிரக்கணக்கில் ஓடினார்கள்.

ஓடியவர்களில் ஒருவர் பெயர் ஹாரி வாஷிங்டன். ஆப்பிரிக்காவில் பிறந்தவர். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் அடிமை. எசமான் விடுதலைப் படைக்குத் தளபதியாகப் போனார். அடிமை அந்தப் படையின் எதிரியிடம் போனார். ரெண்டு பேரும் தேடிப் போனது விடுதலையைத்தான். ஒருவர் படம் அந்த நாட்டுப் பணத்தில் இருக்கிறது. மற்றவர் பெயர் ஒரு பதிவேட்டில் ஒரு வரியாகக் கிடக்கிறது.

அந்தப் பதிவேடு எப்படி வந்தது? 1783 பாரிஸ் ஒப்பந்தத்தின் 7-ஆவது பிரிவு, பிரிட்டிஷ் படைகள் வெளியேறும்போது கறுப்பர்களையோ அமெரிக்கர்களின் வேறு சொத்துக்களையோ கொண்டுபோகக் கூடாது என்கிறது. கறுப்பர்கள், மற்றும் 'வேறு' சொத்து. மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776-இல் உலகத்துக்கு அறிவித்தவர்கள், ஏழு வருஷத்தில் வெளிநாட்டோடு கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் எழுதிக்கொண்டது இது. அந்த ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் தளபதி கார்ல்டனைச் சந்தித்த ஜார்ஜ் வாஷிங்டன், ஓடிப்போன அடிமைகளைத் திருப்பித் தருவது பற்றி முக்கியமாகக் கேட்டார். கார்ல்டன் மறுத்தார். ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே எங்களிடம் வந்தவர்கள் விடுதலை பெற்றுவிட்டார்கள், வேண்டுமானால் பெயர் எழுதிவைக்கிறோம், பிறகு நஷ்டஈடு பேசலாம் என்றார். நியூயார்க் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய ஏறத்தாழ 3,000 கறுப்பர்களின் பெயர், வயது, அடையாளம், பழைய எசமானின் பெயர் எல்லாம் பதிவானது அப்படித்தான். ஹாரியின் வயது 43 என்று அதில் இருக்கிறது.

அமெரிக்காவின் வெளியுறவு வரலாறு தொடங்குகிற இடம் இதுதான். புதுக் குடியரசு பிரிட்டன்மேல் வைத்த முதல் புகார்களில் ஒன்று, 'எங்கள் அடிமைகளைத் தரவில்லை' என்பது.

இரண்டாம் பத்திரம்: 1794

அடுத்த பத்து வருஷம் ரெண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள். அமெரிக்கா சொன்னது: டெட்ராய்ட், நயாகரா கோட்டைகளை விட்டு நீங்கள் இன்னும் போகவில்லை, அடிமைகளுக்குப் பணமும் தரவில்லை. பிரிட்டன் சொன்னது: போருக்கு முன்னால் எங்கள் வியாபாரிகளிடம் வாங்கிய கடனை உங்கள் பண்ணையார்கள் இன்னும் கட்டவில்லை. இதைத் தீர்க்க லண்டன் போனவர் ஜான் ஜே. நியூயார்க்கில் அடிமை விடுவிப்புக்காகச் சங்கம் கண்டவர். தன்னிடம் அடிமைகள் வைத்திருந்தவரும் அவரேதான். கோட்டைகளை பிரிட்டன் 1796-க்குள் காலி செய்யும் என்று வாங்கிவந்தார். இந்தியாவிலுள்ள பிரிட்டிஷ் துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வணிகம் செய்யலாம் என்று 13-ஆவது பிரிவில் வாங்கிவந்தார்; கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் அமெரிக்க வியாபாரி உரிமையோடு வந்துபோனது இதன் பலத்தில்தான். ஆனால் அடிமைகளுக்கான நஷ்டஈடு வாங்கிவரவில்லை.

தெற்கத்திப் பண்ணையார்கள் கொதித்துப்போனார்கள். ஊர் ஊராக ஜேயின் கொடும்பாவியை எரித்தார்கள். கோபத்துக்கு வேறு காரணங்களும் உண்டு: வணிகச் சலுகை போதவில்லை, மாலுமிகளைப் பிடிப்பது பற்றிப் பேச்சே இல்லை, பிரான்ஸின் முதுகில் குத்திவிட்டோம் என்கிற வாதம். ஆனாலும் நஷ்டஈடு கிடைக்காத ஆத்திரம் தெற்கில் ஆறவேயில்லை. செனட் 20-க்கு 10 என்று மூன்றில் இரண்டு பங்கைத் துல்லியமாகத் தொட்டுத்தான் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. பிரிட்டன் பக்கமா, பிரான்ஸ் பக்கமா என்று நாடு ரெண்டு கட்சியாகப் பிரிந்து கெட்டிப்பட்டதில் இந்தச் சண்டைக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே 1794-இல் இன்னொன்றும் நடந்தது. ஓஹியோ பகுதிப் பூர்வகுடிகள் ஆகஸ்டில் ஃபாலன் டிம்பர்ஸ் போரில் தோற்று, பக்கத்திலிருந்த பிரிட்டிஷ் கோட்டைக்கு ஓடினார்கள். அதுவரை 'நாங்க இருக்கோம்' என்று தைரியம் சொல்லிவந்தவர்கள் கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்த வருஷம் ஓஹியோவின் பெரும்பகுதி கையைவிட்டுப் போனது. இதை மனதில் வையுங்கள். இருபது வருஷம் கழித்து இதே கதவு மறுபடியும் சாத்தப்படும்.

நடுவிலே ஒரு பெயர்: ஹெய்ட்டி

இந்தக் காலத்து அமெரிக்க வெளியுறவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிரிட்டன், பிரான்ஸ் என்று ரெண்டே பெயர் சொல்கிறார்கள். மூன்றாவது பெயரைச் சொல்லாமல் தாண்டுகிறார்கள். 1791-இல் பிரெஞ்சுக் காலனியான செயின்ட் டொமிங்கில் அடிமைகள் எழுந்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் அரசு பணமும் ஆயுதமும் அனுப்பியது. யாருக்கு? பண்ணையார்களுக்கு. பிறகு பிரான்ஸோடு கடலில் மோதல் வந்தபோது, அதிபர் ஜான் ஆடம்ஸ் துசேன் லூவெர்த்தியூரோடு வணிகம் திறந்தார். அப்போது கறுப்புத் தளபதி தேவைப்பட்டார். ஜெஃபர்சன் வந்ததும் காற்று திரும்பியது. 1804 ஜனவரி 1-இல் ஹெய்ட்டி விடுதலையை அறிவித்தது. அமெரிக்கக் கண்டங்களில் காலனி ஆட்சியை உதறிய இரண்டாவது நாடு அது. முதல் நாடு கை கொடுத்ததா? 1806-இல் வணிகத்தைத் தடை செய்தது. அங்கீகாரம் தந்தது 1862-இல். ஐம்பத்தெட்டு வருஷம்!

இதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? ஹெய்ட்டியில் நெப்போலியனின் படையைக் கறுப்பர்களும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து அழித்ததால்தான், அமெரிக்காவில் பேரரசு அமைக்கும் கனவை அவன் கைவிட்டு, 1803-இல் லூசியானா முழுவதையும் ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றான். 8,28,000 சதுர மைல். அமெரிக்காவின் பரப்பு ஒரே கையெழுத்தில் இரண்டு மடங்கானது. ரத்தம் சிந்தியவர்கள் ஹெய்ட்டி அடிமைகள். நிலம் போய்ச் சேர்ந்தது வர்ஜீனியா ஆண்டைகளின் அரசுக்கு. அந்த நிலத்தில் அவர்கள் பரப்பியது கரும்பும் பருத்தியும் அடிமைமுறையும். 1811 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸுக்கு மேலே, மிசிசிப்பிக் கரையில், சார்லஸ் டெஸ்லோண்ட்ஸ் தலைமையில் நூற்றுக்கணக்கான அடிமைகள் நகரத்தை நோக்கி அணிவகுத்தார்கள். அடக்கினார்கள். கொன்றவர்களின் தலைகளைக் கழியில் செருகி ஆற்றங்கரை நெடுக நட்டார்கள். போருக்குப் பதினேழு மாதம் முன்பு நடந்தது இது. 'விடுதலைப் போருக்கு' முந்திய விடுதலைப் போர் இது இல்லையா?

கடலில் பிடித்த ஆளும் கப்பலில் இறக்கிய ஆளும்

இப்போது கடலுக்கு வருவோம். நெப்போலியனோடு போரிட்ட பிரிட்டனுக்கு மாலுமிகள் போதவில்லை. நடுக்கடலில் அமெரிக்கக் கப்பலை நிறுத்துவான், ஏறுவான், 'இவன் எங்க ஆளு' என்று பிடித்துக்கொண்டு போவான். அப்படிப் பிடிபட்டவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேர் என்று அமெரிக்க அரசே கணக்குக் கொடுத்தது. இது சாதாரணக் கொடுமை இல்லை. சவுக்கடி, சம்பளப் பாக்கி, வருஷக்கணக்கில் வீடு பார்க்காத வாழ்க்கை. பிடிபட்டவன் ஏழை. அவனுக்காகக் கோபப்படுவது நியாயம்தான்.

1807 ஜூன் 22 அன்று வர்ஜீனியாக் கரைக்கு அருகே லெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், செசபீக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைச் சுட்டது. மூன்று பேர் அங்கேயே செத்தார்கள். நாலு மாலுமிகளைப் பிடித்துப் போனார்கள். ஒருவன் பிரிட்டிஷ்காரன், ஹாலிஃபாக்ஸில் தூக்கிலிட்டார்கள். மற்ற மூவர் அமெரிக்கர்கள் என்று நாடே பொங்கியது. அந்த மூவரில் இருவர் வெள்ளையர் இல்லை. எந்தத் தோலுக்காக நாடு பொங்கியதாகச் சொல்கிறார்களோ, அந்தத் தோலைச் சொந்த ஊரில் ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏலம் என்று சும்மா சொல்லவில்லை. அடிமை இறக்குமதியை 1808 வரை தடுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே பிரிவு இருந்தது. அந்தக் கெடு முடிவதற்குள் முடிந்தவரை இறக்கிவிடலாம் என்று தெற்குக் கரோலினா 1803 கடைசியில் துறைமுகத்தைத் திறந்துவிட்டது. 1807 முடிவதற்குள் சார்லஸ்டனில் இறக்கிய ஆப்பிரிக்கர்கள் ஏறத்தாழ 40,000 பேர். ஆறாயிரம் பேரைப் பிடித்தது போருக்குக் காரணம். நாற்பதாயிரம் பேரைப் பிடித்தது வியாபாரம்.

ஜெஃபர்சன் உடனே போருக்குப் போகவில்லை. 1807 டிசம்பரில் தன் நாட்டுக் கப்பல்கள் வெளிநாடு போகவே தடை போட்டார். பிரிட்டன் பணியும் என்று கணக்கு. பணியவில்லை. அமெரிக்க ஏற்றுமதி ஒரே வருஷத்தில் 10.8 கோடி டாலரிலிருந்து 2.2 கோடியாக விழுந்தது. வேலை போனது மாலுமிக்கும் துறைமுகக் கூலிக்கும். 1809-இல் தடையை எடுத்தார்கள், வேறு வேறு பெயரில் அரைத் தடைகள் போட்டுப் பார்த்தார்கள், எதுவும் எடுபடவில்லை.

போருக்கு ஓட்டுப் போட்டவன் யார்?

இங்கே ஒரு விஷயம் இடிக்கிறது. கடலில் அடிபட்டவர்கள் வடகிழக்குத் துறைமுகக்காரர்கள். கப்பல் அவர்களுடையது. ஆனால் போரைப் பலமாக எதிர்த்தவர்களும் அவர்கள்தான். போர் வேண்டும் என்று குதித்தவர்கள் தெற்கும் மேற்கும்: கெண்டக்கியின் ஹென்றி கிளே, தெற்குக் கரோலினாவின் ஜான் கல்ஹூன். இருவரும் அடிமை வைத்திருந்தவர்கள். கடலே பார்க்காத மாநிலத்துக்காரனுக்கு மாலுமிமேல் என்ன இவ்வளவு பாசம்?

பாதி பதில் நிலத்தில் இருக்கிறது. 1809-இல் இண்டியானா ஆளுநர் ஹாரிசன், ஃபோர்ட் வெயின் ஒப்பந்தத்தில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கரைச் சில தலைவர்களிடம் எழுதி வாங்கினார். ஷானி இனத்தின் டெகும்சே இதை ஏற்கவில்லை. நிலம் எல்லா இனங்களுக்கும் பொது, ஓர் இனம் தனியாக விற்க முடியாது என்று 1810-இல் ஹாரிசன் முகத்துக்கு நேரே சொன்னார். சிதறிக் கிடந்த இனங்களை ஒரே அணியாக்க ஊர் ஊராக அலைந்தார். அவர் தெற்கே போயிருந்த நேரம் பார்த்து, 1811 நவம்பரில் ஹாரிசன் படையோடு வந்தார். டிப்பிகனு போருக்குப் பின் பூர்வகுடிகளின் ஊரை எரித்தார். பூர்வகுடிகள் தங்களுக்காக எழுந்ததை 'பிரிட்டிஷ்காரன் தூண்டிவிட்டது' என்று பேசினார்கள். ஒடுக்கப்பட்டவன் எழுந்தால் அவனுக்குச் சொந்தப் புத்தி இருக்காது, எவனோ தூண்டியிருக்கிறான்! இந்தப் பேச்சு எல்லா ஆண்டைக்கும் பொது.

உண்மையைச் சொன்னவர் ஒருவர் உண்டு, அவரும் பண்ணையார்தான். வர்ஜீனியாவின் ஜான் ராண்டால்ஃப் 1811 டிசம்பரில் சபையில் எழுந்து, இந்தப் போரைத் தள்ளுவது கடல் உரிமை இல்லை, நிலப் பேராசை என்று உடைத்துச் சொன்னார். கூடவே தன் வர்க்கத்தின் பயத்தையும் சொன்னார்: ரிச்மண்டில் ராத்திரி நெருப்பு மணி அடித்தால் தாய்மார்கள் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொள்கிறார்கள் என்று. நெருப்புக்குப் பயந்து இல்லை, அடிமைக்குப் பயந்து.

1812 ஜூனில் பிரதிநிதிகள் சபை 79-க்கு 49, செனட் 19-க்கு 13 என்று போருக்கு ஓட்டுப் போட்டன. அமெரிக்க வணிகத்தை முடக்கிய ஆணைகளை விலக்கப்போவதாக லண்டனில் அறிவித்தது ஜூன் 16. போர் அறிவிப்பு ஜூன் 18. செய்தி கடல் தாண்டி வந்தது. போர் நிற்கவில்லை.

மூன்றாம் பத்திரம்: 1814

அடிமைகள் மறுபடியும் கணக்குப் போட்டார்கள். செசபீக் விரிகுடாவில் பிரிட்டிஷ் கப்பல் தென்பட்டதும் ராத்திரியில் படகைத் திருடிக்கொண்டு, பிள்ளைகுட்டிகளோடு போய் ஏறினார்கள். இவர்கள் வந்த பிறகுதான் பிரிட்டன் கொள்கையை எழுதியது. 1814 ஏப்ரலில் கடற்படைத் தளபதி காக்ரன், வருகிறவர்கள் படையில் சேரலாம் அல்லது பிரிட்டிஷ் காலனிகளில் சுதந்திரமாகக் குடியேறலாம் என்று பிரகடனம் செய்தார். விரிகுடாப் பகுதியிலிருந்து மட்டும் ஏறத்தாழ 4,000 பேர் தப்பினார்கள். ஆண்களில் சில நூறு பேர் சீருடை போட்டு 'காலனிக் கடற்படை வீரர்கள்' ஆனார்கள். எந்தப் பண்ணையிலிருந்து ஓடினார்களோ அந்த வட்டாரத்துக்கே துப்பாக்கியோடு திரும்பி வந்தார்கள். 1814 ஆகஸ்ட் 24 அன்று வாஷிங்டன் நகரத்துக்குப் படை போனபோது அவர்களும் இருந்தார்கள். அன்று அதிபர் மாளிகையில் சாப்பாட்டு மேசை விரித்துக்கொண்டிருந்த பையன் பால் ஜென்னிங்ஸ், அதிபர் மேடிசனின் அடிமை. எரிந்த மாளிகையைப் பற்றிப் பிறகு 1865-இல் அவரே புத்தகம் எழுதினார்.

'மாலுமிகளின் உரிமை' என்ன ஆனது? இங்கிலாந்தின் டார்ட்மூர் சிறையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க மாலுமிகள் அடைபட்டார்கள். அதில் ஏறத்தாழ ஆயிரம் பேர் கறுப்பர்கள். ஒரே கப்பலில் வேலை செய்தவர்கள், ஒரே கொடிக்காகப் பிடிபட்டவர்கள். வெள்ளை மாலுமிகள் சிறை அதிகாரியிடம் வைத்த கோரிக்கை: கறுப்பர்களைத் தனிக் கட்டடத்துக்கு மாற்றுங்கள். எதிரியின் சிறைக்குள்ளும் தனி இடம்! நாலாம் எண் கட்டடத்துக்கு மாற்றினார்கள்.

1814 டிசம்பர் 24 அன்று கென்ட் நகரில் மூன்றாம் பத்திரம் கையெழுத்தானது. மாலுமிகளைப் பிடிப்பது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. எதற்காகப் போர் என்றார்களோ அது பத்திரத்தில் இல்லை. என்ன இருக்கிறது? முதல் பிரிவில், பிடித்த இடங்களைத் திருப்பித் தரும்போது அடிமைகளையோ வேறு தனிச் சொத்துக்களையோ கொண்டுபோகக் கூடாது. 1783-இன் அதே வாசகம். 9-ஆவது பிரிவில், பூர்வகுடிகளுக்கு 1811-இல் இருந்த உரிமைகளைத் திருப்பித் தரவேண்டும். 10-ஆவது பிரிவில், அடிமை வணிகம் மனிதத்தன்மைக்கும் நீதிக்கும் ஒவ்வாதது, அதை ஒழிக்க இருவரும் பாடுபடுவோம். முதல் பிரிவில் மனிதன் சொத்து. பத்தாம் பிரிவில் மனிதத்தன்மை. ஒரே தாளில், ஒரே மையில்.

ஒன்பதாம் பிரிவை யாரும் நிறைவேற்றவில்லை. டெகும்சே 1813 அக்டோபரில் போர்க்களத்தில் கொல்லப்பட்டிருந்தார். பூர்வகுடிகளுக்குத் தனி நிலம் என்று பேச்சுவார்த்தையில் தொடங்கிய பிரிட்டன், அதைக் கைவிட்டுக் கையெழுத்துப் போட்டது. சாத்திய கதவு மறுபடி சாத்தப்பட்டது. தெற்கே ஆண்ட்ரூ ஜாக்சன் 1814 ஆகஸ்டிலேயே கிரீக் மக்களிடம் 2.3 கோடி ஏக்கரைப் பறித்துவிட்டார். தன் பக்கம் நின்று சண்டை போட்ட கிரீக்குகளின் நிலத்தையும் சேர்த்துத்தான். ஃப்ளோரிடாவில் பிரிட்டிஷார் விட்டுப்போன கோட்டையில் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பர்களை 1816 ஜூலையில் அமெரிக்கப் பீரங்கிப் படகு தகர்த்தது. ஆண், பெண், குழந்தைகள் என்று ஏறத்தாழ 270 பேர் செத்தார்கள். 'விடுதலைப் போரின்' அறுவடை இவ்வளவும்.

அப்படியானால் பிரிட்டன் நல்லவனா என்று கேட்கலாம். இல்லை. அப்போது மேற்கிந்தியத் தீவுகளில் லட்சக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவன் அவன். நோவா ஸ்கோஷியாவில் கறுப்பர்களுக்குக் கல்லுக்காட்டைக் கொடுத்து குளிரில் விட்டவன் அவன். ஹாரி வாஷிங்டன் அங்கே தாங்க முடியாமல் 1792-இல் ஏறத்தாழ 1,200 பேரோடு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போனார். அங்கேயும் பிரிட்டிஷ் கம்பெனி நில வரி கேட்டது. 1800-இல் கலகம் செய்தார்கள். ஹாரியை நாடு கடத்தினார்கள். மனுஷன் ரெண்டு ஆண்டைகளையும் எதிர்த்தவர்.

இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். அவர்கள் பிரிட்டன் கொடிக்கு விசுவாசமாகவும் இல்லை, அமெரிக்கக் கொடிக்கு விசுவாசமாகவும் இல்லை. வெள்ளையர்களில் எவன் நல்லவன் என்று பட்டிமன்றம் நடத்தவில்லை. ஆண்டைகள் அடித்துக்கொள்ளும்போது வேலியில் எந்த இடத்தில் இடைவெளி விழுகிறது என்று பார்த்தார்கள். வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டார்கள், அது பொய்த்த இடத்தில் சண்டை போட்டார்கள். இதற்கு வரலாற்று நூல்களில் 'ஓடிப்போனது' என்று பெயர். தூதர்களை அனுப்பி ஜெஃபர்சனும் மேடிசனும் செய்தால் மட்டும் அது 'வெளியுறவுக் கொள்கை'. 'முதலில் தேசம் விடுதலையாகட்டும், உன் விடுதலை அப்புறம்' என்று யாராவது சொன்னால், இந்த மூன்று பத்திரங்களையும் எடுத்து முன்னால் வையுங்கள். அந்த 'அப்புறம்' அமெரிக்காவில் 1865 வரை வரவில்லை. அதுவும் இன்னொரு போர் நடந்துதான் வந்தது. அந்தப் போரிலும் அடிமைகள் முதலில் ஓடினார்கள், சட்டம் பின்னால் வந்தது.

கடைசியாக ஒரு கணக்கு. கென்ட் ஒப்பந்தத்தின் முதல் பிரிவைக் காட்டி, ஓடிப்போன 3,601 பேருக்காக அமெரிக்கா விடாமல் வழக்காடியது. ரஷ்யச் சக்கரவர்த்தி வரை பஞ்சாயத்து போனது. 1826-இல் பிரிட்டன் 12,04,960 டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு தீர்த்தது. ஓடியவர்களில் எழுநூறு பேர் போல டிரினிடாடில் குடியேறினார்கள். குடும்பத்துக்குப் பதினாறு ஏக்கர். படையில் எந்தக் கம்பெனியில் இருந்தார்களோ அந்த எண்ணையே ஊருக்கு வைத்தார்கள். மூன்றாம் கம்பெனி, ஐந்தாம் கம்பெனி, ஆறாம் கம்பெனி என்று அந்த ஊர்கள் இன்றும் இருக்கின்றன. ஆண்டைகளுக்குப் பணம் கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லை.